செடி வாடுமுன் எழுதியவர்: யோஹான் கேர்ஹார்ட் கோனிக்

கறிவேப்பிலைக்கு அறிவியல் பெயர் முர்ராயா கோனிகீ. தாவரவியல் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அந்தப் பெயருக்குள் இருக்கும் கோனிக் என்ற மனிதரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. யோஹான் கேர்ஹார்ட் கோனிக் ஒரு பால்டிக் ஜெர்மானியர். 1768இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், 1785இல் காக்கிநாடாவை ஒட்டிய ஜகந்நாதபுரத்தில் இறந்தார். இடைப்பட்ட 17 ஆண்டுகளில் பெரும்பகுதி நம் கிழக்குக் கரையில்தான் கழிந்தது. நம் கொல்லையிலும் ஊரணிக்கரையிலும் நிற்கும் பல செடிகளின் பெயர்களுக்கு அடியில் அவருடைய உழைப்பு இருக்கிறது.

அவருடைய பழக்கம் ஒன்றைச் செடி சேகரிக்கும் ஒவ்வொருவரும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செடியைத் தாளுக்குள் வைத்து அழுத்துவதற்கு முன்பே, அது உயிரோடிருக்கும்போதே, முழு விவரத்தையும் எழுதிவிடுவார். செடி உலர்ந்த பிறகு எழுதுவது வேறு. வாடுமுன் எழுதுவது வேறு. அந்த வேறுபாட்டைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1728இல், இன்று லாத்வியாவாக இருக்கும் லிவோனியாப் பகுதியில் பிறந்தார். செடிகளுக்கு இருசொல் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸிடம் ஸ்வீடனில் நேரடியாகப் படித்தார். 1764-65இல் டென்மார்க் அரசின் தாவர நூலுக்காக ஐஸ்லாந்தில் செடி சேகரித்தார். அங்கே கிடைத்த, சில சென்டிமீட்டர் உயரமே வளரும் ஒரு துளிச் செடிக்கு லின்னேயஸ் 1767இல் கோனிகியா என்று பேரினப் பெயர் வைத்தார். குளிர் நாட்டில் ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து விதை விட்டு மடியும் செடி அது. ஆக, அவர் பெயரைத் தாங்கும் ஒரு செடி ஆர்க்டிக் குளிரிலும் இன்னொன்று நம் வீட்டுக் கொல்லையிலும் நிற்கின்றன.

தரங்கம்பாடிக்கு அவர் மிஷன் மருத்துவராகத்தான் வந்தார். 1774 வாக்கில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1772இல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் உயிரிழந்த போருக்குக் காரணமான அதே நவாப்தான். சிவகங்கைச் சீமை அந்தப் போரிலிருந்து இன்னும் மீளாத காலம் அது. 1778இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளரானார். அந்த வேலையில் இருந்துகொண்டே சயாம், மலாக்கா வரை போய் வந்தார். தரங்கம்பாடியில் ராட்லர் போன்ற மிஷனரிகளும், பிற்பாடு கல்கத்தா தாவரத் தோட்டத்தை நடத்திய வில்லியம் ராக்ஸ்பரோவும் அவரிடமிருந்து கற்றார்கள். இந்தியச் செடிகளை லின்னேயஸ் முறையில் வகைப்படுத்தும் பழக்கம் இந்தக் கரையில் வேரூன்றியது அவரால்தான். 56 வயதில் வயிற்றுக்கடுப்பால் இறந்தபோது, எழுதி வைத்திருந்த தாள்களை எல்லாம் லண்டனில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸுக்குப் போய்ச் சேரும்படி விட்டுச்சென்றார்.

அவர் காலத்தில் வகைப்பாடு என்பது பூவுக்குள் எண்ணுவதில்தான் தொடங்கும். மகரந்தத்தாள் எத்தனை, சூல்தண்டு எத்தனை என்று பார்த்தால் போதும், செடி எந்த வகுப்பு என்று தெரிந்துவிடும். கறிவேப்பிலைப் பூ ஒன்றைப் பறித்து 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். புல்லியில் 5 சிறு பற்கள், வெள்ளை அல்லி இதழ் 5, மகரந்தத்தாள் 10. அந்தப் பத்தும் ஒரே உயரமாக இருக்காது. ஒன்று நெட்டை, அடுத்தது குட்டை என்று மாறி மாறி நிற்கும். நடுவே ஒரே சூல்தண்டு. பத்து மகரந்தத்தாளும் ஒரு சூல்தண்டும் சேர்ந்தால் லின்னேயஸ் முறையில் அதற்கு ஒரு இடம் உண்டு. இந்தப் பூ உலர்ந்தபின் எண்ணிப் பாருங்கள்: இதழ் சுருண்டு மகரந்தத்தாளை மூடியிருக்கும், சில மகரந்தத்தாள்கள் உதிர்ந்திருக்கும், நெட்டை குட்டை தெரியாது. வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எண்ணிக்கையாவது கிடைக்கும். நிறமும் மணமும் திரும்பவே திரும்பாது.

இஞ்சி, மஞ்சள் குடும்பத்தில் நிலைமை இன்னும் மோசம். மஞ்சள் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீர்ச்சத்து மிகுந்த, கண்ணாடி போன்ற மெல்லிய இதழ். பூத்த நாளோடு சரி, மறுநாள் தொங்கிவிடும். அழுத்தினால் தாளோடு ஒட்டிக்கொண்டு ஒரு பழுப்புக் கறைதான் மிஞ்சும். இந்தக் குடும்பத்தில் மகரந்தம் தரும் தாள் ஒன்றே ஒன்று. மற்றவை உருமாறி, பார்வைக்கு இதழ் போன்ற உதடாகிவிடுகின்றன. சூல்தண்டு நூல்போல மெலிந்து, மகரந்தப்பையின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஏறிச் செல்லும். மகரந்தப்பைக்கு அடியில் முள் போன்ற நீட்சி உண்டா, உச்சியில் கொண்டை உண்டா, உதட்டின் நடுவே என்ன நிறம் என்பவற்றை வைத்துத்தான் ஒரு இனத்தை அடுத்த இனத்திலிருந்து பிரிக்க முடியும். இவை எதுவும் உலர்ந்த மாதிரியில் நம்பகமாகத் தெரியாது.

சயாம் பயணத்தில் கோனிக் செய்தது இங்கேதான் பெரிய விஷயமாகிறது. 1779இல் புக்கெட் தீவிலும் சுற்றுப்புறத்திலும் இஞ்சிக் குடும்பச் செடிகளைப் பார்த்தபோது, வேர்க்கிழங்கிலிருந்து பூவின் உள்ளுறுப்பு வரை பச்சையாக வைத்தே லத்தீனில் நீளமாக எழுதினார். அந்தக் குறிப்புகளை ஸ்வீடனில் லுண்ட் நகரத்துத் தாவரவியலாளர் ரெட்சியஸ் 1783இல் அச்சிட்டார். ஆர்க்கிட் பற்றியவை கோனிக் இறந்தபின் 1791இல் வந்தன. இஞ்சி வகைகளை ஆராய்கிறவர்கள் இன்றும் அந்த விவரிப்புகளுக்குத் திரும்பப் போகிறார்கள். உலர்மாதிரி பாதியில் தொலைந்தாலும் எழுத்து நிற்கிறது.

இனி கறிவேப்பிலையையே எடுத்துக்கொண்டு, வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். இதையே முதல் பயிற்சியாக வைத்துக்கொள்வது நல்லது. செடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் உலர்த்துவது எளிதில்லை.

பூங்கொத்தும் கூட்டிலையும் சேர்ந்த கிளைநுனி ஒன்றை, ஒரு முழம் நீளத்துக்கு, கத்தரியால் வெட்டுங்கள். ஒடித்தால் பட்டை கிழியும். ஒரே மரத்திலிருந்து 3 மாதிரிகள் எடுங்கள். மூன்றுக்கும் ஒரே எண். வெட்டிய இடத்திலேயே நின்றுகொண்டு நோட்டில் எழுத வேண்டியவை: ஊர், எந்த ஊரணிக்கு அல்லது எந்தக் கண்மாய்க்கு எந்தத் திசையில், மண் செம்மண்ணா சரளையா களியா, மரத்தின் உயரம், பட்டையின் நிறம், இலையைக் கசக்கினால் என்ன மணம், பூவின் நிறம், பூ எந்த நேரத்தில் விரிந்திருந்தது, காய் உண்டா, பழுத்தால் என்ன நிறம், ஊரில் என்ன பெயர், எதற்குப் பயன்படுகிறது, தேதி. பென்சிலால் எழுதுங்கள். ஜெல் பேனா மை, ஈரத்தாளில் பட்டதும் ஊறிப் பரவிவிடும். இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தியது போன்ற ஒளிப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள், எலுமிச்சைக் குடும்பத்தின் அடையாளம். அதையும் எழுதிவிடுங்கள். பழத்தின் நிறத்தைக் குறிக்க மறக்கவே கூடாது. கறிவேப்பிலைப் பழம் கருநீலமாகப் பழுக்கும். அதே முர்ராயாவில் வைக்கப்படும், தோட்டங்களில் மணத்துக்காக வளர்க்கும் முர்ராயா பேனிகுலேட்டாவின் பழம் சிவப்பு. உலர்ந்த பழம் இரண்டிலும் ஒரே கறுப்புதான்.

இலையை அப்படியே அழுத்தினால் மூன்றாம் நாள் தாளைத் திறக்கும்போது ஈர்க்கு தனியாக, சிற்றிலைகள் தனியாகக் கிடக்கும். இதுதான் எல்லாரும் சறுக்குகிற இடம். காரணம் இதுதான்: வெட்டிய பிறகும் இலையின் செல்கள் பல மணி நேரம் உயிரோடிருக்கின்றன. நீர் குறைவதை உணர்ந்ததும், சிற்றிலை ஈர்க்கோடு சேரும் இடத்தில் உதிர்வுப் படலம் உருவாகிறது. அந்தச் செல்களை முதலிலேயே கொன்றுவிட்டால் உதிராது. கொதிக்கும் நீரில் இலைப்பகுதியை மட்டும் 10 முதல் 15 விநாடி முக்கி எடுத்து, பழந்துணியால் நீரை ஒற்றிவிட்டு, உடனே தாளுக்குள் வையுங்கள். பூங்கொத்தை நீரில் படவிடாதீர்கள், இதழ் வெந்துவிடும். இதை மீறி உதிர்ந்தால் எறிந்துவிடாதீர்கள். சிறு காகித உறையில் போட்டு அதே அட்டையில் ஒட்டிவிடலாம். கொன்றை, புளி போன்ற கூட்டிலைச் செடிகளுக்கும் இதே கைவேலை.

அழுத்தும் பிரஸ் செய்யப் பெரிய செலவில்லை. 30க்கு 45 சென்டிமீட்டர் அளவில் இரண்டு பலகை, இரண்டு பெல்ட், நெளிவு அட்டைகள், பழைய நாளிதழ். வழவழப்பான பத்திரிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, அதை ஒதுக்கிவிடுங்கள். ஒரு இலையையாவது திருப்பிப் போட்டு அடிப்பக்கம் தெரியும்படி வையுங்கள். கிளை நீளமாக இருந்தால் ‘வ’ வடிவில் மடக்கலாம். பழத்தைப் பாதியாக அறுத்து வைக்க வேண்டும். முழுப் பழம் இருந்தால் அதைச் சுற்றியுள்ள இலைகள் அழுந்தாமல் சுருங்கிப்போகும். முதல் தாள் மாற்றம் 24 மணி நேரத்துக்குள். மாதிரி கெடுவது பெரும்பாலும் இந்த முதல் நாளில்தான். பிறகு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் 5 முதல் 7 நாளில் காய்ந்துவிடும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் வளவு முற்றத்தில் பிரஸ்ஸைச் சாய்த்து வைத்தால் மூன்று நாலு நாளில் வேலை முடியும். ஐப்பசி, கார்த்திகையில் அதே முற்றத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் நாளுக்கு இருமுறை தாள் மாற்றி, அடுப்படிச் சூட்டுக்குப் பக்கத்தில், நெருப்புப் படாத தூரத்தில் வைக்க வேண்டும்.

நம் செட்டிநாட்டுப் பகுதியின் முட்காடுகளில் எளிதாக உலர்பவை காரை, சூரை, முதிரை, ஆவாரை. சதுரக்கள்ளி அப்படியல்ல. தாளுக்குள் வைத்துக் கட்டினாலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும், சில சமயம் பிரஸ்ஸுக்குள்ளேயே துளிர்விடும். தண்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளே உள்ள சதையைச் சுரண்டி எடுத்து, கல்லுப்பு தூவி ஒரு இரவு வைத்த பிறகு அழுத்துங்கள். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கள்ளியைத் தொடாதீர்கள். ஐயனார் கோயில் காடுகளில் சுள்ளி ஒடிக்கவும் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும் ஊர்கள் உண்டு. அங்கே ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் கத்தரியை எடுக்கக் கூடாது. அவர்கள் வேண்டாம் என்றால் நின்ற இடத்தில் எழுதிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தக் குறிப்பும் ஆவணம்தான். வனத்துறையின் காப்புக்காடு என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும்.

கோனிக் செடிகளோடு நின்றுவிடவில்லை. 1779இல் பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்க வெளியீட்டில் கரையான் பற்றி ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை வந்தது. ஆப்பிரிக்கக் கரையான்களைப் பற்றிப் புகழ்பெற்ற ஸ்மீத்மனின் கட்டுரை லண்டனில் வந்தது 1781இல். இது அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது. புற்றுக்குள் காளான் வளர்வதை முதலில் எழுதியவர்களுள் கோனிக்கும் ஒருவர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வரிசையாக வெளியே நடமாடும் கருப்புக் கரையானுக்கு மோனோசெரோஸ் என்று அவர் தந்த சிற்றினப் பெயர் இன்றும் மாறவில்லை.

அந்தக் கட்டுரையில் நம்மூர்க்காரர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் பகுதி ஈசல் பிடிப்பது. புற்றில் இரண்டு துளை போடுவார்கள்: ஒன்று காற்று வரும் பக்கம், இன்னொன்று காற்று போகும் பக்கம். காற்று போகும் பக்கத்துத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்துவார்கள். அந்தப் பானையின் உட்புறத்தில் முதலிலேயே பெர்கெரா இலையைத் தேய்த்திருப்பார்கள். பெர்கெரா என்று அவர் சொல்வது நம் கறிவேப்பிலைதான். காற்று வரும் பக்கம் நாற்றம் எடுக்கும் பொருட்களைப் போட்டுப் புகை மூட்டுவார்கள். புகை உள்ளே போக, ஈசல் மறுபக்கம் பானைக்குள் இறங்கும். சில சமயம் நல்ல பாம்பும் சேர்ந்து இறங்கும் என்பதால் பானையை எடுப்பதில் கவனம் வேண்டும் என்றும் எழுதுகிறார். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்பார்கள். மிகுதியாகக் கிடைக்கும் பருவத்தில் அளவில்லாமல் தின்றால் வயிற்றுவலியும் கடுப்பும் கண்டு ஆளே போய்விடும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

நம் பக்கத்துச் செம்மண் புற்றுகளில், மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் ஈசல் பிடித்து, வெறும் சட்டியில் வறுத்து, சொளகில் புடைத்து இறகை நீக்கி, பொரியரிசியோடு சேர்த்துத் தின்னும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஈசலில் கொழுப்பு மிகுதி. பிடித்தவுடன் வறுக்காமல் ஈரத்தோடு குவித்து வைத்தால் விரைவில் கெட்டுவிடும். கோனிக் சொன்ன எச்சரிக்கையை இன்றும் மதிக்கலாம். அவர் எழுத்தில் ஒரு பிழை உண்டு: இறகு முளைத்தவை எல்லாம் பெண் என்று எண்ணினார். உண்மையில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே பறக்கும். இறங்கி, இறகு உதிர்த்து, இணை சேர்ந்து புதுப் புற்று தொடங்கும். பிழை இருந்தாலும், காற்றின் திசையையும் பானைக்குள் தேய்த்த இலையையும் விடாமல் எழுதியிருக்கிறார் அல்லவா, அந்தக் கவனம்தான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. இலையைச் செடியாக மட்டும் பார்த்திருந்தால் பூவின் உறுப்பு எண்ணிக்கையோடு முடிந்திருக்கும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோனிக் அனுப்பியதை வைத்து லின்னேயஸ் 1771இல் கறிவேப்பிலைக்குப் பெர்கெரா கோனிகீ என்று பெயரிட்டார். 1825இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஸ்பிரெங்கல் அதை முர்ராயா பேரினத்துக்கு மாற்றினார். அதனால் முழுப்பெயரில் லின்னேயஸ் அடைப்புக்குறிக்குள்ளும் ஸ்பிரெங்கல் வெளியேயும் வருவார்கள்: முதலில் பெயர் வைத்தவர் உள்ளே, இடம் மாற்றியவர் வெளியே. அண்மைக்கால மரபணு ஆய்வுகளை ஒட்டிப் பலரும் பழைய பெர்கெரா பெயருக்கே திரும்பிவிட்டார்கள். லேபிளில் எந்தப் பெயரை எழுதுவது என்று குழம்ப வேண்டாம். இன்று சரியென்று தோன்றுவதை எழுதுங்கள். பின்னால் வருபவர் அதை அடிக்காமல், பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டுவார். ஆனால் இடமும் தேதியும் தவறினால் யாராலும் திருத்த முடியாது.

அந்த இரண்டும் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், 1770களில் உலர்த்திய தாள்களில் சீமைக்கருவேல் இருக்க வழியில்லை. அது 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. தைலமரத் தோப்புகளும் அன்று இல்லை. இன்று நம் கண்மாய்க்கரை முழுக்க எது நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் இங்கே என்ன நின்றது என்பதற்குக் கோனிக்கும் ராட்லரும் விட்டுச்சென்ற தாள்கள்போல் நேரடிச் சான்று குறைவு. கோனிக்கின் மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் கோபன்ஹேகனிலும் லுண்டிலும் பிரிந்து கிடக்கின்றன. ராட்லரின் தொகுப்பு லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில் இருக்கிறது.

காய்ந்த மாதிரியைப் பாதுகாப்பதற்கு வருவோம். 28க்கு 42 சென்டிமீட்டர் கெட்டி அட்டையில் ஒட்டுவது இந்திய வழக்கம். மைதாப் பசையைத் தொடாதீர்கள், மாவு இருந்தால் பூச்சி வரும். தடித்த காம்பை நூலால் தைத்துவிடுங்கள். மெல்லிய இலையை வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து இளக்கி ஒட்டலாம். ஹெர்பேரியத்தின், அதாவது உலர்செடித் தொகுப்பின், பெரிய எதிரி சிகரெட் வண்டு என்ற சிறு பழுப்பு வண்டு. புகையிலையைத் துளைக்கும் அதே பூச்சி, உலர்ந்த பூவையும் விதையையும் மாவாக்கிவிடும். அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைத்தால் முட்டை முதல் வண்டு வரை சாகும். வீட்டு ஃப்ரீஸர் அந்த அளவு குளிராது. இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும். உடனே திறந்தால் அட்டை வியர்த்துப் பூஞ்சை வரும். பழைய கல்லூரி ஹெர்பேரியங்களில் அட்டைகளுக்கு மெர்க்குரிக் குளோரைடு பூசும் வழக்கம் இருந்தது. அது கொடிய நஞ்சு. பழைய அட்டைகளைக் கையுறையோடு மட்டுமே தொடுங்கள், நீங்களாக அதைப் பூசாதீர்கள்.

எடுத்த மூன்று மாதிரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை அனுப்பிவிடுங்கள். செட்டிநாட்டுக்குப் பக்கத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்தில் சென்னை ஹெர்பேரியம் இருக்கிறது. முதலில் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு, லேபிளின் நகலையும் நோட்டுக் குறிப்பின் நகலையும் மாதிரியோடு சேர்த்தே அனுப்புங்கள். குறிப்பு இல்லாத மாதிரியை அவர்கள் பதிவில் ஏற்ற முடியாது.